மணி சுருங்குவது எப்போது? மக்காச்சோள நொதிகளும் சடுதிமாற்றங்களும்

முதுநிலைத் தாவரவியல் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "மரபணுவில் சடுதிமாற்றம் வந்தால் நொதி வேலை செய்யாது என்று படித்திருக்கிறேன். ஆனால் வளரும் மக்காச்சோள மணிகளைப் பற்றிப் படிக்கும்போது குழப்பமாக இருக்கிறது. ஒரு நொதியில் பத்தில் ஒன்பது பங்கு போனாலும் மணி நன்றாக இருக்கிறது. இன்னொன்றில் அதே அளவு போனால் மணி சுருங்கிவிடுகிறது. வேறொன்றில் மரபணுவுக்கு ஒன்றும் ஆகாத நொதிகூடக் குறைகிறது. இதற்கு ஏதாவது ஒழுங்கு உண்டா?"

உண்டு. குழப்பம் எங்கே வருகிறதென்றால், இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறோம். மரபணு மாற்றம் நொதியின் செயல்பாட்டை எவ்வளவு குறைக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தக் குறைவு மணிக்கு எப்போது உறைக்கும் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு மரபணுவைப் பார்த்தால் போதும், பெரும்பாலும். இரண்டாவதற்கு மணியையே பார்க்க வேண்டும்: எந்தத் திசு, எத்தனையாவது நாள், அந்த இடத்தில் மாற்று ஆள் இருக்கிறதா இல்லையா என்று.

மணியிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்வீட் கார்ன் விதைப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். விதைகள் நசுங்கி, வற்றி, ஏதோ பாழாய்ப்போன விதை போல இருக்கும். பக்கத்தில் கோழித் தீவனத்துக்குப் போகும் மஞ்சள் சோளத்தை வையுங்கள், கொழுகொழுவென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுதான் வித்தியாசம்.

மக்காச்சோள மணியில் பெரும்பகுதி கருவூண் திசு, அதாவது நாற்றுக்கான உணவைச் சேமிக்கும் எண்டோஸ்பெர்ம். அது மும்மடியம்: தாயிடமிருந்து இரண்டு தொகுதி, மகரந்தத்திலிருந்து ஒன்று. அதனால் ஒரு மரபணுவின் நல்ல நகல் ஒரு மணியில் 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் இருக்கலாம். சாதாரண இருமடியச் செல்லில் கிடைக்காத வசதி இது. நொதியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, மணி எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க இயற்கையே போட்டுக் கொடுத்த சோதனை என்று சொல்லலாம்.

இதைப் பயன்படுத்திய பழைய வேலை ஒன்று எனக்கு மிகப் பிடிக்கும். 1931இல் மாங்கெல்ஸ்டார்ஃபும் ஃபிராப்ஸும் மஞ்சள் நிறத்துக்கான மரபணுவின் நகல் எண்ணிக்கை கூடக் கூட, மணியில் வைட்டமின் ஏ-யும் கூடுகிறது என்று காட்டினார்கள். அந்த மரபணு ஃபைட்டோயீன் சிந்தேஸ் என்ற நொதிக்கானது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே ஒவ்வொரு நகலும் கணக்கில் வந்தது. எல்லா நொதியும் அப்படி இல்லை.

இப்போது மாவுச்சத்துப் பாதை. இலையிலிருந்து சுக்ரோஸ் மணியின் அடிக்காம்புக்கு வருகிறது. நுழைவாயிலில் செல்சுவர் இன்வர்டேஸ் அதை உடைக்கிறது. உள்ளே சென்றபின் சுக்ரோஸ் சிந்தேஸ் முதலான நொதிகள் வழியாகக் குளுக்கோஸ்-1-பாஸ்பேட் உருவாகிறது. அதை ஏடிபி-குளுக்கோஸ் பைரோபாஸ்பாரிலேஸ் ஏடிபி-குளுக்கோஸாக மாற்றுகிறது. பெயர் நீளமாக இருப்பதால் இனி அதை ஏஜிபி நொதி என்கிறேன். இந்த ஏடிபி-குளுக்கோஸ், செல்லுக்குள் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும் அமைலோபிளாஸ்ட் என்ற சிற்றறைக்குள் கடத்தப்பட்டு, அங்கே சங்கிலி நீட்டும் நொதிகள், கிளை போடும் நொதிகள், கிளை கழிக்கும் நொதிகள் எல்லாம் சேர்ந்து மாவுச்சத்தின் நுண்துகள்களை (மாவுமணிகளை) உருவாக்குகின்றன.

முதலில் நுழைவாயில். மினியேச்சர்-1 என்ற திரிபில் (சடுதிமாற்றம் பெற்ற வடிவில்) மணி இயல்பான எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுத்துவிடும். பெயரே அதைத்தான் சொல்கிறது. இது செல்சுவர் இன்வர்டேஸுக்கான மரபணு என்பதை செளரியின் குழுவினர் 1996இல் உறுதிப்படுத்தினார்கள். நல்ல நகல் எத்தனை இருக்கிறதோ அதற்கேற்ப நொதியின் செயல்பாடு ஏறத்தாழ நேர்கோட்டில் ஏறி இறங்கியது. ஆனால் மணி அப்படி இறங்கவில்லை. சுமார் 90 விழுக்காடு செயல்பாட்டை எடுத்துவிட்டாலும் மணிக்கு ஒன்றும் தெரியவில்லை! அந்த எல்லைக்குக் கீழே போனதும் கருவூணும் சுருங்கியது. அதை ஒட்டியிருந்த தாய்ச்செடியின் காம்புச் செல்களும் நிலைகுலைந்தன. அந்தச் செல்களில் மரபணு நன்றாகவே இருந்தது. பக்கத்து வீட்டில் வேலை நின்றதால் இவர்கள் வீடும் இடிந்தது போல. இங்கே ஒரு நொதி சேதமானதன் விளைவு அடுத்த தலைமுறைத் திசுவிலிருந்து தாயின் திசுவுக்கு எதிர்த்திசையில் போகிறது. இதைப் படித்தபோது நான் இரண்டு முறை திரும்பிப் படித்தேன்.

உங்கள் முதல் குழப்பத்துக்கு விடை இதில் இருக்கிறது. இன்வர்டேஸ் தேவைக்கு மிஞ்சி இருக்கும் நொதி. மிச்சம் இருக்கும் வரை குறைவு தெரியாது. மிச்சம் தீர்ந்த இடத்தில் திடீரென்று தெரியும்.

அடுத்து ஏஜிபி நொதி. ஷ்ரங்கன்-2, பிரிட்டில்-2 என்று இரண்டு திரிபுகள். இந்த நொதி நான்கு துண்டுகள் கூடியது: இரண்டு பெரியவை, இரண்டு சிறியவை. பெரிய துண்டு ஷ்ரங்கன்-2இன் வேலை, சிறியது பிரிட்டில்-2இன் வேலை. ஒன்று கெட்டாலும் நான்கும் சேர்ந்து நிற்காது. 1966இல் சாயும் நெல்சனும் இவற்றின் கருவூணில் ஏஜிபி செயல்பாடு இல்லை என்று அறிவித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து டிக்கின்சனும் பிரைஸும் இன்னும் நுணுக்கமாக அளந்து, சுமார் பத்து விழுக்காடு மிச்சம் இருக்கிறதே என்றார்கள். அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இலைக்கும் கருவுக்கும் இதே நொதியின் வேறு வடிவங்களை வேறு மரபணுக்கள் தருகின்றன. அவை கருவூணிலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கின்றன. அதனால்தான் ஷ்ரங்கன்-2 செடி பச்சைப்பசேலென்று வளர்கிறது. கதிரில் மட்டும் குடி கெடுகிறது.

அந்தப் பத்து விழுக்காட்டைக் கொண்டு மணி இயல்பான மாவுச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சேர்க்க முடிகிறது. இன்வர்டேஸில் பத்து விழுக்காடு போதுமாக இருந்தது, இங்கே போதவில்லை. ஒரே அளவு குறைவு, இரண்டு விளைவு. ஏஜிபி நொதி பாதையின் கட்டுப்பாட்டு இடத்தில் நிற்கிறது. வேகத்தை அதுதான் நிர்ணயிக்கிறது. மாவாக மாற முடியாத சர்க்கரை அப்படியே தேங்குகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாஃப்னன் 1953இல் இதைக் கவனித்துத்தான், மணி சுருங்கும் இந்தத் திரிபை இனிப்புச் சோளமாக வளர்க்கலாம் என்றார். மகரந்தச் சேர்க்கைக்குப் பின் 20ஆம் நாள் அளவில், பால் பருவத்தில் நாம் சாப்பிடுகிறோம். அப்போது மணி சர்க்கரைநீரால் உப்பியிருக்கிறது. முற்றவிட்டு உலர்த்தினால் உள்ளே திடமாக ஒன்றும் இல்லாததால் நசுங்கிப்போகிறது. முளைப்புத்திறன் குறைவதும் இதனால்தான். நாற்றுக்குக் கட்டுச்சோறு இல்லை.

மரபணுவில் எப்படிப்பட்ட மாற்றம் என்பதும் முக்கியம். ஷ்ரங்கன்-2இலும், இன்னொரு வகை இனிப்புச் சோளத்தைத் தரும் சுகரி-1 என்ற மரபணுவிலும் இது நன்றாகத் தெரிகிறது. மரபணுவில் பெரும்பகுதி அறுந்து போய்விட்டாலோ, புரதம் கட்டுவதை நிறுத்தச் சொல்லும் குறி நடுவில் வந்தாலோ நொதி முழுதாகப் போகும். சுகரி-1 இனிப்புச் சோளத்தின் மூலத் திரிபில் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் மாறியிருக்கிறது. ஷ்ரங்கன்-2 இடைநிலைத் திரிபில் ஒரு இன்ட்ரானின் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி எறியப்படும் பகுதியின்) கடைசி டிஎன்ஏ எழுத்து மாறியிருக்கிறது. வெட்டி ஒட்டும் இயந்திரம் பெரும்பாலும் தவறுகிறது, ஆனால் ஒரு சிறு பங்கு சரியாக வெட்டிவிடுகிறது. அந்தச் சிறு பங்கால் மணி முழுதாகச் சுருங்காமல் நடுவில் நிற்கிறது. முளைப்பும் இனிப்பும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு இப்படிப்பட்ட அரைகுறைத் திரிபுதான் பிடிக்கும்.

இன்னொரு சுவாரசியம். சடுதிமாற்றம் என்றாலே கெடுதல் என்று நினைப்பவர்களுக்கு ஷ்ரங்கன்-2இன் ரெவ்-6 என்ற வடிவத்தைக் காட்டுவேன். ஒரு தாவும் மரபணு அந்த இடத்தில் புகுந்து, பின் வெளியேறும்போது ஆறு எழுத்துகளை மிச்சம் வைத்துவிட்டுப் போனது. அதனால் புரதத்தில் டைரோசின், செரின் என்று இரண்டு அமினோ அமிலங்கள் கூடுதலாக நின்றன. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கர்ட் ஹானாவின் குழு 1996இல் காட்டியது இது: நொதியை அடக்கும் பாஸ்பேட்டுக்கு இந்த வடிவம் அவ்வளவாக அடங்குவதில்லை, மணியின் எடை 11 முதல் 18 விழுக்காடு வரை கூடியது. பாஸ்பேட் சேர்க்காமல் ஆய்வுக்குழாயில் அளந்திருந்தால் இந்த மாற்றத்தின் பலன் கண்ணிலேயே பட்டிருக்காது. நொதியின் செயல்பாடு என்பது ஒற்றை எண் அல்ல. எந்த நிலைமையில் அளந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே நொதி வெப்பத்துக்கும் தாங்காது. மக்காச்சோளக் கருவூணின் ஏஜிபி நொதியை 57 டிகிரி செல்சியஸில் ஐந்து நிமிடம் வைத்தால் 96 விழுக்காடு செயல்பாடு போய்விடுகிறது. கதிர் பிடிக்கும் சமயத்தில் வெயில் கடுமையானால் மணி சரியாக நிரம்பாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். 1998இல் கிரீனும் ஹானாவும் பெரிய துண்டில் 333ஆவது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் டைரோசின் வந்தால் நொதி வெப்பத்தைத் தாங்கும் என்று கண்டார்கள். அதைத் தேடிய விதம் அழகானது. மக்காச்சோள நொதியைப் பாக்டீரியாவில் வைத்து, அயோடின் ஆவியில் எந்தக் காலனி கருக்கிறது என்று பார்த்தார்கள். பாக்டீரியாவில் மாவுச்சத்தைப் போன்ற கிளைக்கோஜன் சேர்ந்தால் நொதி வேலை செய்கிறது என்று பொருள்.

அயோடின் என்றதும் வாக்ஸி என்ற திரிபு நினைவுக்கு வராமல் இருக்காது. 1908இல் ஷாங்காயிலிருந்து ஒரு மிஷனரி அமெரிக்காவுக்கு அனுப்பிய சோளத்தில் காலின்ஸ் கண்டது இது. மணியை வெட்டினால் மெழுகு போன்ற மங்கலான பளபளப்பு. சாதாரண மணியை அறுத்து அயோடின் தடவினால் நீலக்கறுப்பு, வாக்ஸியில் செம்பழுப்பு. மாவுச்சத்தின் நீள்சங்கிலி வடிவமான அமைலோஸ் இல்லை, எல்லாம் கிளைவிட்ட வடிவமான அமைலோபெக்டின். 1962இல் நெல்சனும் ரைன்ஸும் மாவுமணியோடு ஒட்டிய ஸ்டார்ச் சிந்தேஸ் இதில் இல்லை என்று காட்டினார்கள். இந்த நொதி கரைசலில் இருக்காது, மாவுமணியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சாறெடுத்து, சுழற்றி, மேல்நீரை மட்டும் அளந்தால் இயல்பான மணியிலும் அது இல்லாதது போலத் தெரியும்.

இதிலும் நகல் எண்ணிக்கைக்கும் செயல்பாட்டுக்கும் உறவு நேர்கோடு. 1974இல் சாய் அதை அளந்தார். ஆனால் அமைலோஸ் அளவு அந்தக் கோட்டில் போவதில்லை. ஒரே ஒரு நல்ல நகல் இருந்தாலே கணிசமான அமைலோஸ் வந்துவிடுகிறது. அடுத்த நகல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்கின்றன. இலையின் மாவுச்சத்தில் அமைலோஸ் வழக்கம்போல் உண்டு. அங்கே இன்னொரு மரபணு இருக்கிறது.

மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் தாவும் மரபணுக்களைப் பின்தொடர்ந்த இடங்களில் வாக்ஸியும் ஒன்று. பிற்காலத்தில், 1987இல், வெஸ்லர் குழுவினர் வேடிக்கையான ஒன்றைக் கண்டார்கள். டிஎஸ் என்ற தாவும் மரபணு வாக்ஸியின் நடுவே உட்கார்ந்தும், ஆர்என்ஏ உருவாகும்போது செல் அதை இன்ட்ரான் என்று எண்ணி வெட்டி எறிந்துவிடுகிறது. நொதி ஓரளவு உருவாகிவிடுகிறது. மரபணுவைப் பார்த்து "உடைந்தது, எனவே பூஜ்யம்" என்று எழுதியிருந்தால் தவறாகியிருக்கும்.

சரி, உங்கள் மூன்றாவது குழப்பம்: மரபணுவுக்கு ஒன்றும் ஆகாத நொதி ஏன் குறைகிறது? மூன்று வகையில் நடக்கிறது என்பேன்.

ஒன்று, பொருள் தேங்குவது. சுகரி-1 திரிபில் கெட்டது ஐசோஅமைலேஸ் வகைக் கிளை கழிக்கும் நொதி. 1995இல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தபோது இது உறுதியானது. ஆனால் புல்லுலனேஸ் என்ற இன்னொரு கிளை கழிக்கும் நொதியின் செயல்பாடும் அங்கே குறைகிறது. அதன் மரபணு சரியாக இருக்கிறது, புரதமும் இருக்கிறது, வேலைதான் குறைகிறது. தேங்கிய சர்க்கரை அந்த நொதியை அடக்குவதாகவும் ஆய்வுக்குழாயில் காட்டியிருக்கிறார்கள். எதிர்த்திசையிலும் நடக்கும்: சர்க்கரை தேங்கிய மணிகளில் மாவுச்சத்துப் பாதையின் சில மரபணுக்கள் முன்பைவிடச் சுறுசுறுப்பாக நகலெடுக்கப்படுகின்றன. மணி பசியோடு இன்னும் இன்னும் நொதி செய்து பார்க்கிறது, பாவம்.

இரண்டு, கூட்டு. கிளை போடும் நொதிகளும் சங்கிலி நீட்டும் நொதிகளும் தனித்தனியாக மிதப்பதில்லை. ஒன்றோடொன்று கூடி வேலை செய்கின்றன. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் அமைலோஸ் எக்ஸ்டெண்டர் திரிபை ஆராய்ந்தவர்கள், கிளை போடும் நொதி 2பி இல்லாதபோது அதன் இடத்தில் வேறு நொதிகள் வந்து ஒட்டிக்கொள்வதைக் கண்டார்கள். அதே மரபணுவின் இன்னொரு திரிபில் அந்தப் புரதம் செத்த நிலையிலும் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டிலும் அந்த நொதியின் செயல்பாடு பூஜ்யம்தான், ஆனால் மாவுச்சத்தின் அமைப்பு வேறு வேறு. ஆள் வராத நாற்காலிக்கும், ஆள் வந்து தூங்கும் நாற்காலிக்கும் வித்தியாசம் உண்டு அல்லவா? முதலாவதில் வேறொருவர் உட்காரலாம்.

மூன்று, மேற்பார்வை. ஒபேக்-2 நொதிக்கான மரபணுவே அல்ல. பல மரபணுக்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் புரதம். அது கெட்டால் சீன் (zein) என்ற சேமிப்புப் புரதங்கள் குறைகின்றன. உணவில் நமக்கு அவசியமான லைசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் நொதியும் குறைகிறது. 1964இல் மெர்ட்ஸ், பேட்ஸ், நெல்சன் மூவரும் இந்தத் திரிபில் லைசின் அதிகம் என்று கண்டார்கள். லைசின் குறைவான சீன்கள் குறைந்ததும், உடைக்கும் நொதி அடங்கியதும் இரண்டுமே அந்த உயர்வுக்குக் காரணங்கள். இதன் மாவு மென்மையாக இருந்ததால் விவசாயிகள் விரும்பவில்லை. வாசலும் வில்லேகாஸும் மெக்சிகோவின் சிம்மிட் நிறுவனத்தில் பல ஆண்டு உழைத்து மணியைக் கெட்டியாக்கினார்கள். 2000ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அது தனிக்கதை.

பிரிட்டில்-1ஐயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேர்வில் இதில் வழுக்கி விழுபவர்கள் அதிகம். இந்தத் திரிபின் மணியும் சுருங்கும். ஆனால் கெட்டிருப்பது ஏடிபி-குளுக்கோஸை அமைலோபிளாஸ்டுக்குள் கொண்டுபோகும் கடத்தி. ஏஜிபி நொதி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. ஏடிபி-குளுக்கோஸ் இயல்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குவிகிறது. மக்காச்சோளக் கருவூணில் இந்த நொதி பெரும்பாலும் அமைலோபிளாஸ்டுக்கு வெளியே, சைட்டோசால் என்ற செல் திரவத்தில் இருப்பதால்தான் இப்படி நடக்க முடிகிறது. அப்புறம், மணி சுருங்கியிருப்பதைப் பார்த்து எந்த நொதி என்று ஊகிக்காதீர்கள்.

வயலில் இதெல்லாம் எப்படித் தெரியும் என்றும் கேட்டிருந்தார். சுகரி-1 இனிப்புச் சோளத்தையும் ஷ்ரங்கன்-2 இனிப்புச் சோளத்தையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நேரத்தில் பூக்கும்படி விதையுங்கள். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் விழும். ஒவ்வொன்றும் மற்றதில் இல்லாத நல்ல நகலைக் கொடுக்கும். அந்த ஒற்றை நகலே போதும். இரண்டு நொதிகளும் வேலை செய்து, அந்த மணிகள் அதே பருவத்திலேயே மாவாகக் கெட்டித்துவிடும். இனிப்பும் இனிப்பும் சேர்ந்து சப்பென்று ஆன கதை. விதை நிறுவனங்கள் இவ்விரண்டு வகைகளையும் தள்ளி விதைக்கச் சொல்வது இதனால்தான்.

அளக்கப் போகிறீர்கள் என்றால் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மகரந்தச் சேர்க்கைக்குப் பின் முதல் பத்துப் பன்னிரண்டு நாள் செல் பெருகும் காலம். அதன்பின்தான் மாவுச்சத்து வேகமெடுக்கிறது. 12ஆம் நாள் மணியையும் 22ஆம் நாள் மணியையும் ஒப்பிட்டால் திரிபுக்குப் பதில் வயதைத்தான் அளப்பீர்கள். கதிரைக் கையால் மகரந்தம் சேர்த்து உறையிடுங்கள், அறுத்தவுடன் திரவ நைட்ரஜனில் போடுங்கள், சாற்றில் புரதம் சிதைக்கும் நொதிகளை அடக்கும் பொருள் சேருங்கள். ஏஜிபி நொதியின் சிறிய துண்டு எடுக்கும்போதே நறுக்குப்பட்டுவிடும். ஒரு நல்ல நகலும் ஒரு கெட்ட நகலும் உள்ள கலப்பு மரபுச் செடியைத் தற்சேர்க்கை செய்தால் ஒரே கதிரில் மூன்றுக்கு ஒன்று என்று நல்ல மணியும் திரிபு மணியும் கிடைக்கும். அதைவிட நல்ல ஒப்பீடு கிடையாது: ஒரே தாய், ஒரே வெயில், ஒரே நாள்.

அலகையும் யோசித்து எடுங்கள். நான் ஆய்வு தொடங்கிய காலத்தில் ஷ்ரங்கன்-2 மணிகளில் சுக்ரோஸ் சிந்தேஸை உலர் எடையின் கிராமுக்கு என்று கணக்கிட்டேன். இயல்பானதைவிட எவ்வளவோ கூடுதல். இரண்டு வாரம் தலைகால் புரியாமல் அலைந்தேன். பிறகு ஒரு மூத்த தோழி வந்து, "அந்த மணியில் மாவே இல்லையே, கிராமுக்கு என்றால் எண் தானாக ஏறாதா?" என்றார். மணிக்கு இவ்வளவு என்று மாற்றிக் கணக்கிட்டேன். என் உயர்வு முழுவதும் ஒரே மாலையில் கரைந்துபோனது.